பின்வேலியால் வந்த அம்மாளாச்சி

அன்றும் பொழுது சாய்ந்ததும் அம்மாளாச்சி பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

வாழையிலையில் கிடந்த மீனாம்பிகை கண்ணைப் பாதி திறந்து பார்த்தாள். உடம்பு முழுக்க அம்மாள் வருத்தம், அம்மை முத்துமுத்தாய்ப் போட்டிருந்தது. வாசல் படலையில் வேப்பிலை கட்டிய நாளிலிருந்து சண்டிலிப்பாயில் ஒரு குருவிகூட அந்த வளவுக்குள் வரவில்லை.

புருஷன் தம்பிஐயா பிள்ளைகளைச் சாவகச்சேரியில் தன் தாய் வீட்டில் விட்டுவிட்டு, புகையிலைத் தோட்டத்துக் கொட்டிலில் படுத்துக்கொண்டான். பயந்த மனிதன். கஞ்சியைக் கொண்டுவந்து படலைக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிடுவான். எழும்பிப் போய் எடுக்க அவளுக்குச் சீவன் இருந்தால்தானே.

அம்மாளாச்சி மட்டும் வந்திராவிட்டால் அவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள்.

யுத்தக் காலம், மண்ணெண்ணெய் கிடையாது. அரை இருட்டில், காய்ச்சல் வேகத்தில், கூரை மெல்ல மிதந்துபோனது. பனைமரங்கள் வீட்டுக்குள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின.

அம்மன் என்றால் சிவப்புப் பட்டும் சூலமுமாய் வருவாள் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருந்தாள். வந்தவளோ வெள்ளைச் சீலை உடுத்து, கையில் ஒரு செம்பு கஞ்சியோடு நின்றாள்.

கஞ்சியைச் சிறுகச் சிறுக வாயில் ஊட்டினாள். வேப்பங்கொழுந்தால் மேலெல்லாம் தடவினாள். தடவிய இடமெல்லாம் குளிர்ந்தது. பிறகு முழங்காலில் நின்று, கண்ணை மூடி, யாரிடமோ மெல்லிய குரலில் மன்றாடினாள்.

அம்மாளாச்சிக்கும் மேலே ஒரு ஆள் இருப்பதை நினைக்க, அந்தக் காய்ச்சலிலும் மீனாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது.

ஒரே பயம்தான். யாராவது எட்டிப் பார்த்தால் வந்தவள் போய்விடுவாள். பிறகு இந்த உயிர் நிற்காது.

படலையில் செருமல் கேட்டது.

"ஆரடி உள்ளை? ஆரோ கதைக்கிற சத்தம் கேக்குது!" தம்பிஐயாவின் குரல்.

மன்றாடிய குரல் நின்றது. அவன் படலைக் கயிற்றை அவிழ்ப்பது கேட்டது.

வெள்ளைச் சீலைக்காரி பதில் சொல்ல நிமிர்ந்தாள். அவளுக்குப் பொய் வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். பேரைச் சொன்னால் அவ்வளவுதான், அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான்.

மீனாம்பிகை கொப்புளம் நிறைந்த கையைத் தூக்கி அந்த வாயைப் பொத்தினாள். பலம் எங்கிருந்துதான் வந்ததோ, உரக்கச் சொன்னாள்.

"அம்மாளாச்சி வந்து நிக்கிறா! உள்ளை கால் வையாதேங்கோ!"

படலை சடாரென்று மூடியது. 'தாயே, தாயே' என்று அவன் கன்னத்தில் போட்டுக்கொள்வது கேட்டது. பிறகு ஒழுங்கையில் ஓடுகிற சத்தம்.

கையை எடுத்தபோது விரலெல்லாம் ஈரமாக இருந்தது. வந்தவள் அழுதுகொண்டிருந்தாள். மறுபடி வேப்பங்கொழுந்தை எடுத்தாள்.

மீனாம்பிகைக்கு முதல் நாளே தெரியும். கூடப்பிறந்த தங்கையின் கை தெரியாமல் போகுமா?

பூரணம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்ற அன்று, இனி இவள் எங்களுக்குச் செத்தவள் என்று குடும்பமே கிணற்றடியில் கூடித் தலைமுழுகியது. பெற்ற தாய்கூடத் தயங்கித்தான் நின்றாள்.

முதல் வாளியை அள்ளித் தன் தலையில் ஊற்றியவள் மீனாம்பிகை.