ஆளை மாத்துங்கோ!

"உந்தக் கோல் கீப்பரைத் தூக்கி எறியுங்கோ! உவனை வைச்சு ஒரு கப்பும் எடுக்கேலாது!"

ஹவுன்ஸ்லோ மைதானமே அதிரும்படி கத்தினார் தர்மேந்திரன்.

"சின்னப் பெடியன் அண்ணை. பழக்கி எடுக்கலாம்," என்றார் புலம்பெயர்ந்த ஊர்க்காரர் நடத்தும் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் கணேஸ்வரன்.

"அதுவரைக்கும் உங்கட ஊர்ப் பேர் நாறட்டோ?"

"சொந்தத் தாய்மாமனே சொல்லுறார், பிறகென்ன?" என்று ஊர்க்காரரும் பாய்ந்தார்கள். கணேஸ்வரன் வேறு வழியில்லாமல் கோல் கீப்பர் கபிலனைக் கழகத்திலிருந்தே விலக்கினார்.

மனம் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். அங்கே தர்மேந்திரன் கபிலனை அணைத்தபடி நின்றார்.

"அழாதையடா மருமோன். தகப்பன்ர ஊர் கழட்டி விட்டால்தானே தாயின்ர ஊருக்கு விளையாடலாம்?"

அவர் டிக்கியிலிருந்து எடுத்து நீட்டிய தன் ஊர் ஜெர்சியின் முதுகில், 'கபிலன்' என்று ஏற்கெனவே பெயர் அடித்திருந்தது.