யார் கடிச்சது?

"யாரு கடிச்சது? பேரைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்!"

பிரீ போட்ட சத்தத்தில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவளுடைய பிள்ளைகள் இரண்டும் இந்தக் காப்பகத்தில்தான். மூத்தவன் ஆர்லோவுக்கு நாலு வயது, மேவுக்கு இரண்டரை. மேவின் குட்டிக் கையில் பல் தடம் சிவந்து கிடந்தது. பெற்ற வயிறு பதறாதா?

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லோசாவுக்குக் காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்தது. யார் கடித்தது என்று வெளியே சொல்லக் கூடாது. அது இங்கே கண்டிப்பான விதி. வாங்கிக் கட்டிக்கொள்ள மட்டும் ஆள் வேண்டும், அது லோசா.

"பேரு சொல்லக் கூடாது பிரீ. உங்களுக்கே தெரியும். ஐஸ் வச்சு மருந்து போட்டாச்சு."

"நல்லாருக்கே நியாயம்! கடிச்சதை என்ன பண்ணீங்க?"

"அதுவும் பயந்துபோய் அழுதுச்சு. மடியில வச்சுத் தேத்தினேன்."

"கடிச்சதை மடியில வச்சுக் கொஞ்சுனீங்களா?"

"கோவத்த வாயால சொல்லத் தெரியாத வயசும்மா. நாமளும் கத்தினா இன்னும் நாலு பேரைக் கடிக்கும்."

"புள்ளையா அது? மிருகம் மாதிரி வளத்து விட்டிருக்கா! வீட்ல எந்நேரமும் காட்டுக்கத்தல் கத்துறவளா இருப்பா. இவளுங்களுக்கெல்லாம் எதுக்குப் புள்ள?"

வாசலில் ஓர் அப்பா தன் மகனைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். போன மாதம் இன்னொரு பிள்ளையைக் கடித்தவன் அவன். பாவம், மனுஷன் முகம் செத்துப்போயிருந்தது.

லோசாவுக்குச் சுருக்கென்றது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"யாரும் யாரையும் பாக்க வேண்டாம். தொப்பி, தண்ணி பாட்டில் எல்லாம் எடுத்துட்டுக் கிளம்புங்க. மூடற நேரமாச்சு."

"என்ன மழுப்பறீங்க? நாளைக்கே மேல புகார் குடுக்கறேன். உங்க வேலைக்கு உலை வைக்கறேனா இல்லையான்னு பாருங்க!"

"குடுங்க. வேண்டாம்னு சொல்லலையே."

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசிக் கார் தெருவில் திரும்பும்வரை லோசா பொம்மைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட் சீருடைகூட மாற்றாமல் ஓடி வந்திருந்த பிரீ, மேவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அந்த அம்மாக்காரியையாவது நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏன், அவகிட்ட பயமா?"

லோசா வாசல் கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் உட்காரும்படி அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவங்களும் நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு வர்றவங்க. நாலு பேர் முன்னாடி தலை குனிய வேண்டாம்னுதான் எல்லாரும் போகட்டும்னு இருந்தேன். உக்காருங்க பிரீ."

பிரீ உட்காரவில்லை. ஒன்றும் புரியாமல் நின்றாள்.

லோசா குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. அம்மா கத்துவாங்கன்னு, ஆர்லோ அந்த மேசைக்கடியிலேர்ந்து வெளிய வரவே மாட்டேங்கறான்."