தரையைத் தள்ளு

"முழங்காலை மறந்துடு. தரையைத் தள்ளு, போதும்."

மெக்கானிக் இதை எட்டாவது தடவையாகச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையை ஆட்டிவிட்டு, முழங்காலையே பார்த்தபடி பாதி எழுந்தாள். "அம்மாடி" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

பிசியோதெரபி அறையின் வாசலில் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட இன்னும் பத்து நிமிடம். மெக்கானிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவர் திருகித் திருகியே சட்டைப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டிய மனுஷன். குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். அந்த வீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. "அப்பா விட்டுட்டார், சரி. அம்மாவாவது பத்து மீட்டரைப் பன்னிரண்டு விநாடிக்குள்ள நடக்கணும், கையூன்றாம அஞ்சு தடவை எழுந்திருக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடுங்க" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றுதான் கெடு.

அவர் விட்டது உண்மைதான். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்த பிறகு, அடியெடுக்கும்போதெல்லாம் குதிகாலே, முட்டியே, தொடையே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உத்தரவு போடுவார். கால் கட்டையாய் விறைத்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில், ஆளை விடுங்கள் என்று பயிற்சிக்குக் கும்பிடு போட்டுவிட்டார். அடுத்த வாரமே மனைவிக்கு முட்டிவலி வந்து சேர்ந்தது.

அவளுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை மெக்கானிக் சட்டென்று பிடித்துக்கொண்டார். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. தொடையை இறுக்க வேண்டும் என்று நினைத்தால், வேலையில்லாத தசையும் சேர்ந்து இறுகி ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். தரையைத் தள்ள வேண்டும் என்று நினைத்தால், எது எப்போது இழுக்க வேண்டும் என்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். நடையும் அப்படித்தான். பாதத்தைப் பார்த்தால் தடுமாறும். எதிர்ச்சுவரைப் பார்த்தால் தானாகப் போகும்.

இத்தனை அழகான விஷயம் அவள் மண்டையில் ஏறவில்லை. "லிஃப்ட்டுல ஏறினா பட்டனை அழுத்துவியா, மேல மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு யோசிப்பியா?" என்று ஒருநாள் கேட்டார். யோசிப்பேன் என்றாள்.

எதையும் செய்து காட்டினால்தான் அவளுக்குப் புரியும். செய்து காட்டும்போது பராக்குப் பார்ப்பாள். கவனிக்கவில்லை, இன்னொரு தடவை என்பாள். இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் இதே கூத்து. அவருக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

கதவு திறந்தது.

உள்ளே தரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மஞ்சள் பட்டைகள். பிசியோதெரபிஸ்ட் பெண் கையில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றாள். மனைவி முதல் பட்டை அருகில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாம் மறந்துபோச்சு. ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்."

அவர் பல்லைக் கடித்தார். அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். "கையைப் பாரு, மடியில இருக்கா? தரையைத் தள்ளு. ஒண்ணு. தள்ளு. ரெண்டு." ஐந்து வரை அவளுக்காக எண்ணி முடித்தார். "இப்போ அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாரு. வேற எதையும் பார்க்காதே. அது உன்னை இழுக்குது, நீ போற. அவ்வளவுதான். என்ன, புரியுதா? பராக்குப் பார்க்காதடி." பேசிக்கொண்டே அடுத்த பட்டையைத் தாண்டிப் போய்த் திரும்பினார். "ம், நீ வா."

மனைவி அங்கே இல்லை. பிசியோதெரபிஸ்ட் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதரை விநாடி, சார். கையூன்றாம அஞ்சு தடவை எழுந்ததும் சுத்தமா இருந்தது."

"என்னோடது எதுக்கும்மா? நேரம் போகுது. அவளை நடக்கச் சொல்லுங்க."

"அம்மா பேர் என் பதிவேட்டுலயே கிடையாது, சார். ரெண்டு மாசமா உங்க பேர்தான் இருக்கு. உங்க மகள் கேட்டதும் உங்க நடையைத்தான்."

மெக்கானிக் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார்: மகளிடம் கைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டே, கைப்பிடியைத் தொடாமல், அவர் மனைவி விடுவிடுவென்று படியிறங்கிக்கொண்டிருந்தாள்.