எதிர்வீட்டு வாசல் விளக்கு

பட்டப்பகலில் எதிர்வீட்டு வாசல் விளக்கு எரிந்தது.

அவள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக் குமுதவல்லிக்கு நேரங்காலம் குழம்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டாள்.

மேகம் விலகியது. வெயில் அடித்தது.

விளக்கு அணைந்தது.

அவள் சிரிப்பு நின்றது. முட்டி தேய்ந்த குமுதவல்லி இத்தனை சுருக்காக ஓடிவந்து அணைக்க மாட்டாள்.

மூலைவீட்டு நீலகண்டன் செத்துக்கிடந்தது தெருவுக்குத் தெரிய ஒரு வாரமாயிற்று. அன்றைக்கே, தனியாக இருந்த அவளும் குமுதவல்லியும் பேசிவைத்துக்கொண்டார்கள். அந்தி சாய்ந்ததும் அவரவர் வாசல் விளக்கை அவரவர் கையால் போட வேண்டும். எரிந்தால் இருக்கிறேன் என்று அர்த்தம். எரியாவிட்டால் மற்றவள் ஓடிவர வேண்டும்.

தினமும் போன் செய்வது தொந்தரவு. சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது அதைவிடத் தொந்தரவு. மாந்தோப்பு நகரில் அந்த வழக்கமே கிடையாது.

தோப்பை வெட்டி மனை போட்ட புதிதில் முள்கம்பி வேலிதான். வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணம் கைமாறும். மனை விலை ஏற ஏற மதிலும் ஏறியது. இங்கே காக்கைகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் கரையும் என்று அவள் கணவர் கேலி செய்வார். அந்த அமைதிக்குத்தான் சனங்கள் கோடி கொடுத்து இடம் தேடி வந்தார்கள். அவளும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவள்தான்.

படியிறங்கினாள். செருப்புப் போட மறந்துபோனாள்.

தெருக் காவலாளி இசக்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவள் விளக்கைக் காட்டிக் கேட்டாள்.

"அது ஆட்டோமேட்டிக் லைட்டும்மா. போன மாசம் அவங்க பையன் வந்தப்ப மாட்டிட்டுப் போனாரு. இருட்டினா தானா எரியும்."

போன மாதம்.

சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று குமுதவல்லிமேல் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது.

எத்தனை மாலை அந்த விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். அதில் எது வரைக்கும் குமுதவல்லி இருந்தாள்?

அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று இசக்கியைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். வேலைக்காரி தன் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது.

மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை.

கம்பிக்கு இடையே கையை விட்டு, உள்ளே தொங்கிய பால் பையைத் தொட்டாள்.

கனத்தது.

போனில் குமுதவல்லியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. காதில் மட்டும் அல்ல. மதிலுக்கு அப்பால், தோட்டத்துக்கு அப்பால், சாத்திய ஜன்னலுக்கு உள்ளேயிருந்தும் கேட்டது. அவ்வளவு அமைதியான தெரு.

எடு, குமுதா. திட்டவாவது எடு.

அடித்து ஓய்ந்தது.

"ஏறிக் குதி" என்றாள். இசக்கி மதிலை அண்ணாந்து பார்த்தான். உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளையும் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான்.

மறுபடி மேகம் கவிந்தது. அவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு வாசல் விளக்கில்லாமல் மங்கிக் கிடந்தது.

அதைக் கவனிக்க ஒருத்திதான் இருந்தாள்.