பதினோராம் பக்கத்தில் ஓட்டை

கணக்கு வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிக் கத்தரிக்கோல் எட்டிப் பார்த்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பு நூலகருக்கு.

"இது என்ன சார்?"

"பார்த்தா தெரியலையா? கத்தரிக்கோல். மாத்திரை அட்டையை வெட்ட வச்சிருக்கேன். நகத்தால பிரிக்க வரலை, கை நடுங்குது." ஓய்வு பெற்ற வாத்தியார் அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாத்திரை அட்டையை மட்டும்தான் வெட்டினீங்களா?"

நூலகர் அன்றைய செய்தித்தாளை விரித்துத் தூக்கிப் பிடித்தார். பதினோராம் பக்கத்தில், மருத்துவ ஆராய்ச்சிச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில், சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக நூலகரின் மூக்கு தெரிந்தது.

பதினாறு நாளாக இதே கூத்து. சினிமாவை யாரும் தொடவில்லை, விளையாட்டைத் தொடவில்லை. எதைத் தின்றால் ஆயுள் கூடும், எதைத் தின்றால் குறையும் என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்துச் சொல்கிற அந்த ஒரு பத்தி மட்டும் தினமும் காணாமல் போயிற்று.

நூலகருக்கு அந்தப் பத்திதான் உயிர். செல்போனில் வருவதையெல்லாம் நம்ப மாட்டார். அச்சில் வந்தால்தான் ஆராய்ச்சி. படிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, மனிதர் அன்றைக்கே அமல்படுத்திவிடுவார். பின்பக்கமாக நடந்தால் மூட்டு வலி குறையும் என்று வந்த அன்று, புத்தக அடுக்குகளுக்கு நடுவே பின்பக்கமாக நடந்து, அகராதிகளில் போய் மோதி, மூட்டுக்குப் பதிலாக முதுகு பிடித்துக்கொண்டது.

வீட்டு நிலைமை அதைவிட மோசம். காபி இதயத்துக்குக் கெடுதல் என்று திங்கட்கிழமை வந்தால் காபித்தூள் டப்பா பரண் ஏறும். நல்லது என்று வியாழக்கிழமை வந்தால் அது இறங்கி, சர்க்கரை டப்பா ஏறும். "போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே?" என்று மனைவி கேட்டால், "அறிவியல் வளருதும்மா, நாமதான் கூடவே ஓடணும்" என்பார். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு தடவை மெல்லச் சொன்ன வாரத்தில், அந்த வீட்டில் காலைச் சாப்பாடு முடியும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஓட்டை விழ ஆரம்பித்ததிலிருந்து மனிதர் தவித்துப் போய்விட்டார். எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று சொல்ல ஆளில்லாமல், தட்டில் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒழுங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் வீட்டு வாசலில் விழும் நூலகத்துச் செய்தித்தாளை அங்கே பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். நூலகச் சொத்தாயிற்றே, முத்திரை குத்தி, வாசகர்கள் படித்த பிறகுதான் தான் படிப்பது! குளித்துக் கிளம்பி, எட்டரைக்குக் கதவைத் திறந்து, முத்திரை குத்தி மேஜையில் வைப்பார். முதல் ஆளாக வந்து அதை எடுப்பவர் வாத்தியார். அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"தினமும் நீங்கதானே சார் முதல்ல எடுக்கறீங்க?"

"ஆமா. எடுக்கும்போதே ஓட்டைதான். எவன் செஞ்ச வேலைடா இதுன்னு திட்டிக்கிட்டேதான் படிக்கிறேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என் மேலயே பழி போடுவீங்கன்னு தெரியும். இப்ப போடறீங்க இல்ல?"

நூலகர் அசரவில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் ஓட்டைகளைப் பார்த்துவிட்டுப் போய், வெட்டுகிற ஆளின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் நீயே பொறுப்பு என்று தலைமை நூலகத்திலிருந்து கடிதம் போட்டிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஒரு தாளை எடுத்து, வாத்தியாரின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் மணிமணியாக எழுதினார்.

"இன்னியோட உங்க கார்டு ரத்து சார். இனிமே உள்ள வராதீங்க."

வாத்தியாரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. பையனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போயிடறாங்க. சாயந்தரம் வரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கிட்டா உக்காந்திருக்கறது? எனக்குன்னு போக இருக்கறது இந்த ஒரு இடம்தான்."

கேட்கக் கேட்க நூலகருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை மூடவில்லை. பின்னே, வேலை போனால் யார் பதில் சொல்வது?

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மத்தியானச் சாப்பாட்டோடு உள்ளே வந்தார்.

"வா வா, சரியான நேரத்துலதான் வந்தே. ஆள் மாட்டியாச்சு!"

மனைவி வாத்தியாரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவரா?"

"இவரேதான். பாரு, பேரெல்லாம் எழுதிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. பதினாறு நாளா எத்தனை கண்டுபிடிப்பு போச்சு தெரியுமா? எதையெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருந்தானோ, தெரியாம அதையே தின்னுக்கிட்டு இருக்கேன்!"

மனைவி சாப்பாட்டைக் கீழே வைத்தார். நூலகரைப் பார்த்தார், மறுபடியும் வாத்தியாரைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டபடி அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"முதல்ல அவர் பேரை அடிங்க."

"அடிச்சுட்டு? யார் பேரையாவது எழுதியாகணுமே!"

"என் பேரை எழுதுங்க. இன்னிக்கு உருளைக்கிழங்கை நிறுத்தணும்னு போட்டிருந்தான்."