விட்டால் விழும்

இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான்.

பன்னிரண்டு கிலோ இரும்பு. இஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டு. அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில், புகை கசியாமல் இருக்க, அட்டைத் தடிமனில் ஒரு கேஸ்கட். இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவியாகிவிட்டது.

அழுத்திப் பிடித்திருக்கும்வரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

கை தளர்ந்தால் கேஸ்கட் வழுக்கிக் கிழியும். அறுபது வயது டிராக்டருக்குக் கடையில் கேஸ்கட் கிடைப்பதில்லை. அவனே அச்செடுத்து வெட்டியது. முதல் இரண்டும் வெட்டும்போதே கிழிந்தன. இது மூன்றாவது. இதற்குமேல் தகடும் இல்லை.

தப்பு மெக்கானிக் மயில்சாமியுடையது. போல்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேஸ்ட் டப்பாவைத் தொட வேண்டும். அந்த மகராசன் பேஸ்ட்டைத் தடவிவிட்டு போல்ட்டைத் தேடினான். ஓரத்து ஓட்டையில் போட்ட முதல் போல்ட்டே அடியில் முட்டி நின்றுவிட்டது. அரை இஞ்ச் நீளம் அதிகம். போல்ட் டப்பாவில் இருந்த மற்றவையும் அதே நீளம்.

"பட்டறைக்குப் போயி அறுத்துட்டு வந்தர்றனுங்ணா. வுட்றாதீங்க. வுட்டா எல்லாம் போச்சு."

பைக் போய்க் கால் மணி நேரம் ஆகிறது.

டிராக்டர் நிற்கும் கொட்டகைக்கு நேர் எதிரே கேட். கேட்டைத் தாண்டினால் தாராபுரம் ரோடு.

கேட் ஓரமாக சாந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். அவன் மனைவி. காலடியில் பச்சைப் பெட்டி.

நேற்றுச் சாயங்காலம், இந்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டேதான் சொன்னாள்.

"நாளைக்குப் பத்தரை பஸ்ஸுக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க. திரும்பி வர்றதா இல்லீங்க. இருன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இருந்துக்கறேன்."

அவன் சொன்னது: "இன்னுங் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்து."

காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். காலையில் மயில்சாமி வந்துவிட்டான்.

இரண்டு வருஷமாக இதே கதைதான். பழைய இரும்புக் கடையில் இந்த டிராக்டரைப் பார்த்த நாளிலிருந்து, விடிந்தால் கொட்டகை, பொழுது சாய்ந்தால் கொட்டகை. சோறு அங்கேயே வரும். தட்டை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் நிற்பாள், ஏதாவது பேசுவான் என்று. அவன் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்வான்.

மணி பத்து இருபது இருக்கும்.

தோள் கடுத்தது. விரல்கள் மரத்துப்போயின. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஊதி விரட்டினான். திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

ஓடிப்போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கி வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் என்ன செய்வது, கை மாட்டிக்கொண்டதே.

கைதான் மாட்டிக்கொண்டது. வாய்க்கு என்ன கேடு?

இருபதடி தூரம். சற்று உரக்கச் சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது. எச்சிலை விழுங்கினான். அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் வந்தாள்.

வருகிறாள். அவளே வருகிறாள். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போல்ட் டப்பாவைப் பார்த்தாள். அதன் பின்னால் துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து அவிழ்த்தாள். இரண்டு போல்ட்டுகள். மற்றவற்றைவிடக் குட்டை.

மேனிஃபோல்டைக் கழற்றிய அன்று டார்ச் அடித்தவள் அவள்தான். நடுவில் உள்ள நாலு ஓட்டைக்கு நெட்டை, ஓரத்து இரண்டுக்குக் குட்டை. மாறிப்போகக் கூடாதென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

முந்தானையை இடுப்பில் செருகினாள். அவன் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து ஒரு போல்ட்டை விரலாலேயே திருகினாள். முட்டாமல் ஏறியது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் அடுத்ததையும் ஏற்றினாள். பிறகு ஸ்பேனரால் இரண்டுக்கும் இரண்டிரண்டு சுற்று.

பவுடர் வாசனை வந்தது. அவள் இவ்வளவு பக்கத்தில் நின்று எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

"இனி வுட்டாலும் விழாதுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு நின்றாள்.

தட்டை வைத்துவிட்டு நிற்பாளே, அதே அளவு நேரம்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கேட் ஓரத்தில் குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து மயில்சாமியின் பைக் உள்ளே வந்தது. அறுத்த போல்ட்டோடு ஓடி வந்தவன் இஞ்சினைக் குனிந்து பார்த்தான்.

"அட, ரெண்டு ஓரமும் ஏறிப்போச்சுங்களே! அப்புறம் எதுக்குங்ணா இன்னும் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

அவன் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ரோட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் ஏதோ கேட்டார். விசில் ஊதினார்.

பஸ் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கையை எடுத்தான்.

மேனிஃபோல்டு நூலளவும் அசையவில்லை.