மீன் ஐஸ்

"அவற்ற பாஸ்போட்டைத் தாங்கோ, அண்ணை."

மொழிபெயர்க்கக் கூப்பிட்ட அன்றே, இதை மட்டும் கேட்கக்கூடாது என்று பிரியதர்சினிக்குச் சொல்லியிருந்தார்கள். புங்குடுதீவு விளையாட்டுக் கழக அறையின் தகரத்தில் பத்து மணி வெயில் முறுகுகிறது. அமெரிக்கன் டேரல் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி வீங்கிய காலை வாசல்வரை நீட்டியிருக்கிறான். முழங்காலில் கட்டிய மீன்வாடி ஐஸ் உருகிச் சூடைமீன் மணத்தோடு சீமெந்தில் வழிகிறது. பதினொரு வருடம், ஏழு நாடு, காசுக்குக் கூடைப்பந்து. முன்பு போன இடங்களிலும் கடவுச்சீட்டைப் பூட்டித்தான் வைத்தார்களாம், மீன்மணம்தான் இல்லையாம். சொல்லிச் சிரிக்கிறான். "பைனலுக்குக் கனடாச் சனம் வந்து நிக்குது, பிள்ளை. நாளைக்கு ஒரு கால்மணித்தியாலம் நிண்டால் காணும் எண்டு சொல்லும்" என்கிறார் தலைவர் சிவபாதம். "டொக்டர் ஓடவே கூடாதெண்டவர். கால் போனால் நீங்களே தூக்கித் திரியப்போறியள்?" என்கிறாள் பிரியதர்சினி. "பட்டம் எடுத்த வாய்! வாசிகசாலை வேலை உமக்கெண்டு வைச்சிருக்கிறன், மறந்திடாதையும்." அவள் கடவுச்சீட்டை வைத்துப் பூட்டிய அலுமாரியைப் பார்க்கிறாள். திறப்பு பூட்டிலேயே தொங்குகிறது. எடுக்க ஒருவரும் துணியமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அவள் திருகுகிறாள். கதவு கிரீச்சிடுகிறது. மூலை தேய்ந்த கடவுச்சீட்டை டேரலின் பெரிய உள்ளங்கையில் வைக்கிறாள். "வேலையை வேற ஆருக்கும் குடுங்கோ." வெயிலுக்குள் இறங்கி நடக்கிறாள். பின்னால் ஈரக்கால் ஒன்று இழுபட்டு வரும் சத்தம் கேட்கிறது.